டயாலிசிஸ் செய்பவருக்குச் சிறுநீரகக் கட்டி: எடுப்பதா, ஊசியால் சுடுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

பல வருடம் டயாலிசிஸில் இருப்பவர்களின் சுருங்கிய சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் முளைக்கும். அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெரும்பாலும் வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் சிக்கும். 3 செ.மீ. அளவிலேயே சிக்கிவிட்டால் வழி மூன்று.

சாதாரணமாக இந்த அளவுக்குக் கட்டியை மட்டும் வெட்டி, மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவார்கள். இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது? அதனால் முழுச் சிறுநீரகத்தையும் லேப்ராஸ்கோபியில் எடுப்பதே வழக்கம். இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறவர் மட்டும் யோசிக்க வேண்டும். அது குறைந்தால் தண்ணீர்க் கட்டுப்பாடு இன்னும் இறுகும்.

ஆபத்து கத்தியைவிட அதைச் சுற்றித்தான் அதிகம். முதலில் இதயம்: டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு அது ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும். அடுத்து பொட்டாசியம். அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய நாளே, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இல்லாமலோ குறைத்தோ டயாலிசிஸ் செய்வார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும், யூரியா ஏறிய ரத்தத்தில் அவை ஒழுங்காக ஒட்டாது, கசிவு நீளும். ரத்தம் ஏற்றினால் உடலில் எதிர்ப்பணுக்கள் உருவாகி, பின்னால் பொருந்தும் மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். வலி மருந்தான மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தேங்கி மூச்சை அமுக்கும் என்பதால் ஃபென்டனில் போன்றதைத் தேர்வார்கள். ரத்த அழுத்தம் இறங்கினால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்துவைத்த ரத்தக்குழாய்) அடைத்துக்கொள்ளலாம். அந்தக் கையில் பிரஷர் பட்டையும் கட்டக் கூடாது, ஊசியும் குத்தக் கூடாது. இதைத் தியேட்டருக்குள் போகும்முன் வீட்டார் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவராக இருந்தால், முதுகுப்பக்கமாக நுழைந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வயிற்று உறையைத் திறந்துவிட்டால் கொஞ்ச காலம் மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸுக்கு மாற வேண்டிவரலாம்.

ஊசி வழியில் சி.டி. பார்த்துக்கொண்டே வெப்பத்தால் கட்டியைக் கருக்குகிறார்கள். முழு மயக்கம் பல சமயம் தேவைப்படாது. பலவீனமான இதயத்துக்கு இதுவே பெரிய லாபம். ஆனால் கசிவு பயம் இங்கேயும் உண்டு. நீர்க்கட்டிகள் நிறைந்த சிறுநீரகத்தில் கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியாது. மிச்சம் இருந்து திரும்ப வளர்ந்தால் மறுபடி சுட வேண்டும்.

பொறுத்துப் பார்ப்பது சோம்பேறித்தனமல்ல. சிறு கட்டிகள் பலவும் மெதுவாகவே வளரும். வயது முதிர்ந்து, இதயமும் தளர்ந்தவருக்குக் கட்டியைவிட மற்ற நோய்களே முந்திக்கொள்ளக்கூடும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் என்றால் என் ஓட்டு அறுவைக்கே. முழுதாக எடுத்த சிறு கட்டிக்கு, முன்புபோல இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்லும் வழக்கம் தளர்ந்துவருகிறது. சுட்டதைவிட, எடுத்துப் பரிசோதித்த கட்டியை மாற்றுக் குழுவினரும் எளிதாக நம்புவார்கள். எடுத்த பிறகும் மறுபக்கச் சிறுநீரகத்துக்கு ஸ்கேன் தொடர வேண்டும். அதே நீர்க்கட்டிகள் அங்கேயும் இருக்கின்றன.