மூளைவழிச் சில்லும் குவாண்டம் கணினியும்

மூளையின் அமைப்பைப் பின்பற்றும் மூளைவழிச் சில்லு, குவாண்டம் கணினி என ஐபிஎம் ஆய்வகம் வளர்த்துவரும் இவ்விரு தொழில்நுட்பங்களும் வழக்கமான கணினியின் எல்லையைக் கடக்க முயல்பவையே எனினும், அவை எதிர்கொள்ளும் சிக்கல்கள் முற்றிலும் வேறானவை.

நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே தரவு ஓயாமல் போய்வருவதால் வீணாகும் மின்சாரத்தைக் குறைப்பதே மூளைவழிச் சில்லின் நோக்கம். 2014-இல் வெளிவந்த ட்ரூநார்த், பத்து லட்சம் செயற்கை நியூரான்களைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 70 மில்லிவாட்டிலேயே இயங்கியது. 2023-இல் அறிமுகமான நார்த்போல், நினைவகத்தைச் சில்லுக்குள்ளேயே 256 கருக்களுடன் (கணக்கிடும் அலகுகளுடன்) பின்னியிருக்கிறது. ஆனால் அது பயிற்சி முடிந்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்குவதற்கு மட்டுமே உரியது.

குவாண்டம் கணினியின் வாக்குறுதி இதைவிடப் பெரிது, தடையும் பெரிது. அதன் அடிப்படைத் தகவல் அலகுகளான க்யூபிட்டுகளை மீக்கடத்தியால் (மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருளால்) அமைத்தால், அவற்றை வெப்பநிலையின் கீழெல்லையான தனிச்சுழிக்கு மிக அருகில் குளிர்வித்தாக வேண்டும். அப்போதும் சிறு இரைச்சல் அவற்றின் நிலையைக் குலைத்துவிடும். 2023-இல் 1,121 க்யூபிட்டுகள் கொண்ட காண்டோர் என்ற குவாண்டம் செயலி பரவலாகப் பேசப்பட்டது. எனினும், அதே ஆண்டில் 133 க்யூபிட்டுகளுடன், குறைந்த பிழைவீதத்தோடு வந்த ஹெரான்தான் உண்மையான முன்னேற்றம் என்று கருதுகிறேன், ஏனெனில் பிழை குறையாமல் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவதால் நீண்ட கணக்கீடுகள் கைகூடுவதில்லை.

படங்களை விரைவாக அடையாளம் காணும் பணிக்கு நான் சில்லையே தேர்ந்தெடுப்பேன். மூலக்கூறுகளின் ஆற்றல்நிலைகளைத் துல்லியமாகக் கணிக்கும் வேதியியலுக்கோ, குவாண்டம் வழியே காத்திருக்கத் தகுந்தது.