கைப்புள்ளயா, கர்லர் வீட்டுக்காரம்மாவா?

வெள்ளிக்கிழமை இரவு, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் படம் பார்க்க அப்பாவுக்கு ‘வின்னர்’ (2003) வேண்டும், எனக்கு ஹாங்காங் நடிகர்-இயக்குநர் ஸ்டீபன் சோவின் ‘குங்ஃபூ ஹசில்’ (2004). எனக்கு இரண்டுமே உயிர். கதை இரண்டிலும் சும்மா ஒரு சாக்குத்தான்.

வடிவேலுவின் கைப்புள்ள அடி வாங்கத்தான் போகிறான், தெரியும். ஆனாலும் அவன் சவடால் விடுவதற்கும் முதல் அடி விழுவதற்கும் நடுவில் காத்திருக்கும் சுகம் இருக்கிறதே! அடி வாங்கியும் அந்த மிடுக்கு குறைவதில்லை. சண்டை என்று பார்த்தால் சுமார்தான்.

சண்டைக்கு ஹசில்தான். தலையில் கர்லர், வாயில் சிகரெட்டோடு, வாடகை வசூலிக்கும் வீட்டுக்காரம்மா நாயகனைத் துரத்தும்போது இருவரின் கால்களும் கார்ட்டூன் மாதிரி சக்கரமாகச் சுழலும். அத்தனை கிறுக்குத்தனத்துக்கும் அடியில் அசல் வித்தை இருக்கிறது: அவர் கணவராக வரும் யுவென் வா, புரூஸ் லீக்கே டூப் போட்டவர்.

பாட்டி வந்திருந்தால் யோசனையே இல்லை, வின்னர்தான். எதிர்வீட்டுச் சீன அங்கிள் முறுக்கு சாப்பிட வந்தால் ஹசில். சப்டைட்டிலைப் படித்து நான் சிரிப்பதற்குள் அவர் சிரித்து முடித்து, அடுத்த முறுக்கை எடுத்திருப்பார்.