தார்ச்சாலை வேண்டாம், வாய்க்கால் கரை போதும்

திருநெல்வேலிச் சீமையை நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தார்ச்சாலையை விட்டு வாய்க்கால் கரைக்கு இறங்கிவிடுங்கள். பல வருடங்களாக இந்தப் பக்கம் ஊர்விட்டு ஊர் நடந்துவருகிறேன். செலவு குறைவு, அவசரம் கிடையாது. அதில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீரைக் கொண்டுபோகின்றன. தண்ணீர் தானாக ஓடுவதற்காக மிக மெல்லிய சரிவில் வெட்டப்பட்டவை என்பதால் கரையில் ஏற்ற இறக்கம் அநேகமாகத் தெரியாது. முழங்கால் வலி உள்ளவர்கள்கூடத் தயங்காமல் நடக்கலாம். மடைக்கு மடை உட்காரக் கல் கிடைக்கும், ஊர் நெருங்கினால் படித்துறை வரும். சாலையில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தவனுக்குத்தான் இந்த நிம்மதியின் அருமை புரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி வரை, கன்னடியன் கால்வாய்ப் பக்கமாக நடந்து பாருங்கள். திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதை அதிகம் விலகாமல் கூடவே வருகிறது. வீரவநல்லூர், காருக்குறிச்சி இரண்டிலும் ஸ்டேஷன் உண்டு. கால் ஓய்ந்த இடத்தில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய்தான். ஆனால் நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன, நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீரவநல்லூர்த் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். சேரன்மகாதேவியையும் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பத்தமடை. மெல்லிய பாய்க்கான கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடும் ஊர். அந்த வேலைக்கும் ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். வாய்க்காலை ஒட்டி நடந்து வந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலம் முக்கியம். இங்கே நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு சாகுபடிப் பருவம். பிசானப் பயிர் முற்றும் தை, மாசிதான் நடப்பதற்கு நல்ல மாதங்கள். காலை நேரம் குளிர்ச்சியாக இருக்கும், கரையும் காய்ந்து இறுகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் வாய்க்காலை அடைத்துவிட்டால் நிழல் மட்டும்தான் மிச்சம், கால் நனைக்கத் தண்ணீர் இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு குளக்கரை, வாய்க்கால் கரை எதையும் பழைய நினைவில் நம்பி நான் நடப்பதில்லை. வயலில் நிற்கிறவரிடம், "அண்ணாச்சி, இந்தக் கரை அடுத்த ஊர் வரைக்கும் போகிறதா?" என்று கேட்டுவிட்டே நடக்கிறேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. பலர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் கூடவே வந்து வழி காட்டியிருக்கிறார்கள்.

சாமான்கள் விஷயத்தில் என் முடிவு உறுதியானது. ஷூ வேண்டாம். நாளுக்கு நாலு தடவையாவது தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும், ஈர ஷூவோடு நடந்தால் கால் வெந்துவிடும். பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு போதும். நீளக் காம்புள்ள குடை வெயிலுக்கு நிழல், நாய்க்குக் கம்பு, சேற்றுக்கு ஊன்றுகோல். இரண்டு துண்டு, ஒரு டார்ச். டார்ச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள், இருட்டிய பிறகு கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு.

ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் சுற்றுவட்டாரத்தில் நவதிருப்பதிகள் எனும் ஒன்பது பெருமாள் கோயில்களை வேனில் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். நடந்து போகிறவர்கள் அப்படி முடிக்க முயலக் கூடாது. நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தைப் படித்துறை மண்டபத்தில் படுத்துக் கழிப்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய சுகம். அவற்றில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோயில்களான இரட்டைத் திருப்பதிக்குச் சாயங்கால வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். இரவு தங்க பஸ் நிலையத்துப் பக்கம் சாதாரண லாட்ஜ் கிடைக்கும். மண்டபத்தில் தூங்குவதானால் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

மனம் வருந்தும் இடங்களும் இருக்கின்றன. பல கரைகளைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. பாளையங்கால்வாய் திருநெல்வேலி நகரத்துக்குள் வரும்போது சாக்கடையும் குப்பையும் கலந்து மூக்கைப் பொத்த வைக்கிறது. மேற்கே வயலுக்கு நடுவில் தெளிந்து ஓடிய அதே தண்ணீரை அங்கே பார்க்க எனக்குத் தாங்குவதில்லை. அந்தப் பகுதியை நான் டவுன் பஸ்ஸில் கடக்கிறேன்.

கடைசியாக, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காடு. செம்மணலில் கால் புதையும், வாய்க்கால் கரையில் போகிற வேகத்தில் பாதிகூட வராது. பங்குனிக்கு மேல் பதநீர்ப் பருவம் என்பதால் ஆசை இழுக்கும். போகலாம், ஆனால் விடியும்போதே நுழையுங்கள். பனையேறுகிறவர்கள் இறக்கும் பதநீரை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு, மணல் சுடுவதற்குள் சாத்தான்குளத்துக்கோ உடன்குடிக்கோ திரும்பி பஸ் பிடித்துவிடுங்கள்.