முதல் கணினிக்கு ஏஎம்4-ஆ, ஏஎம்5-ஆ?

உதிரிப்பாகங்களை வாங்கி முதன்முறையாகக் கணினியை ஒன்றுசேர்ப்பவர், பிராசசரின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் அது அமரும் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். மதர்போர்டும் ரேமும் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஏஎம்4, ஏஎம்5 இரண்டும் ஏஎம்டி நிறுவனத்தின் சாக்கெட்டுகள். ஏஎம்4 போர்டுகள் டிடிஆர்4 வகை ரேமை ஏற்கும். 2022-இல் வந்த ஏஎம்5, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். இரு வகை ரேமிலும் 288 தொடுமுனைகள்தான் என்றாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் துளையில் நுழையாது.

புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது திரைக்காட்சியில்தான். ஏஎம்4-க்கான ரைசன் 5 5600 பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், தனி கிராபிக்ஸ் கார்டு இன்றித் திரையில் எதுவும் தோன்றாது. ஏஎம்5-க்கான ரைசன் 5 7600-இல் அது உண்டு, ஆனால் 'எஃப்' என முடியும் 7500எஃப்-இல் இல்லை.

போர்டைத் தொடக்கி இயக்கும் உள்மென்பொருளான பயாஸ் தரும் சிக்கல் இரண்டுக்கும் பொது: ஏஎம்4-க்கான பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையும், பழைய பயாஸ் கொண்ட ஏஎம்5-க்கான பி650 போர்டில் 9000 வரிசையும் பயாஸைப் புதுப்பித்த பின்னரே இயங்கும். பிராசசர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தானுள்ள போர்டு இங்கே கைகொடுக்கும்.

டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே கையில் இருந்தால் ஏஎம்4 சிக்கனமானது. அனைத்தையும் புதிதாக வாங்குபவருக்கு, பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்ற இடமளிக்கும் ஏஎம்5-ஐயே பரிந்துரைப்பேன்.