ஒரே ஒரு நாஸ்கார் பந்தயம் பார்ப்பதென்றால் எந்தத் தடத்துக்குப் போவது?

நாஸ்கார் என்பது அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாதாரணச் சாலைக் காரின் தோற்றத்தில் கட்டிய கார்களின் பந்தயம், நடத்தும் அமைப்பு. அதை டிவியில் பார்த்துப் பழகியவர்கள் முதல்முறை நேரில் போக நினைத்தால் ஃப்ளோரிடாவின் டேடோனா என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெயர் அப்படி. ஆனால் விமானம், வாடகைக் கார், ஹோட்டல் என்று செலவழித்து ஒரே ஒரு வார இறுதிக்குப் போகிறவருக்கு அங்கே நடக்கும் 500 மைல் பந்தயமான டேடோனா 500-ஐ நான் கடைசியில்தான் சொல்வேன். தடம் பெரிதாகப் பெரிதாக, ஒரு இருக்கையிலிருந்து கண்ணுக்கு எட்டும் பந்தயம் குறைந்துகொண்டே போகிறது. புகழும் டிக்கெட் விலையும் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன.

டேடோனாவின் சுற்றளவு 2.5 மைல், அதாவது நான்கு கிலோமீட்டர். நாற்பது கார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மணிக்கு 190 மைல் வேகத்தில் நம்மைக் கடக்கும் அந்தச் சில நொடிகள் உண்மையிலேயே மயிர்க்கூச்செறிய வைக்கும். அப்புறம் முக்கால் நிமிடம் காத்திருக்க வேண்டும். மேல் வரிசையில் இருந்தால் முழுத் தடமும் தெரியும்தான், ஆனால் எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் போகும் காரின் எண்ணைப் படிக்க பைனாகுலர் வேண்டும். கடைசியில் எல்லோரும் பெரிய திரையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு வீட்டு சோஃபாவே போதுமே?

மழை இன்னொரு தொல்லை. இந்த அளவுப் பெரிய நீள்வட்டத் தடங்களில் ஈரத்தில் கார் ஓட்ட மாட்டார்கள். 2012, 2020, 2024 ஆகிய மூன்று வருடங்களிலும் டேடோனா 500 மழையால் திங்கட்கிழமைக்குப் போனது. ஞாயிறு இரவே திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போட்டவர்களின் கதி என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்காக டேடோனாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பந்தயம் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள். குழந்தைகளோடு ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம்தான். தடத்துக்குள்ளேயே சுற்றிக்காட்டும் டூர் இருக்கிறது. 31 டிகிரி சரிவுள்ள வளைவின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் அது சாலையாகத் தெரியாது, சுவராகத்தான் தெரியும். 1959-இல் இந்தத் தடம் திறக்கும்வரை பந்தயம் நடந்தது பக்கத்துக் கடற்கரை மணலில். அந்தக் கடற்கரையில் இன்றும் கட்டணம் கட்டி உங்கள் காரை மெதுவாக ஓட்டிப் போகலாம். 1947 டிசம்பரில் பில் பிரான்ஸ் ஆட்களைக் கூட்டி நாஸ்காருக்கு அடித்தளம் போட்ட ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலும் அதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் பந்தய வாரக் கூட்டத்தில் நிதானமாகப் பார்க்க வழியே இல்லை.

அலபாமாவின் டல்லடேகா இதைவிடப் பெரியது: 2.66 மைல், 33 டிகிரி சரிவு. 1987-இல் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் ஓட்டிய சாதனை அப்படியே நிற்கிறது. அது முறியாததற்குக் காரணம் உண்டு. அதே வாரப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் பறந்துபோய்ப் பார்வையாளர் பக்கத்து வேலியைப் பிய்த்தது. அடுத்த வருடத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு வைத்து வேகத்தைக் கட்டிவிட்டார்கள். வேகம் குறைந்ததும் கார்கள் பிரிந்து போக முடியாமல் கூட்டமாகவே ஓடுகின்றன. ஒருவர் சறுக்கினால் இருபது பேர் சேர்ந்து இடித்துக்கொள்வார்கள். டல்லடேகாவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தடத்தின் நடுவே கூடாரம் போட்டு இரவெல்லாம் குடித்து ஆடுவதற்காகவே போகிறார்கள். கல்லூரி நண்பர்கள் கும்பலாகப் போனால் நல்ல கூத்து. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆக என் கணக்கில் உண்மையான போட்டி இரண்டு அரை மைல் தடங்களுக்கு நடுவில்தான். டென்னசியின் பிரிஸ்டல், வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். முதலாவது 0.533 மைல், இரண்டாவது 0.526 மைல். காகிதத்தில் ஒரே அளவு. நேரில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

பிரிஸ்டல் ஒரு பெரிய அண்டா. அடியில் கான்கிரீட் தடம், சுற்றிலும் செங்குத்தாக ஏறும் இருக்கைகள், வளைவுகளில் 24 முதல் 28 டிகிரி வரை சரிவு. ஒரு சுற்றுக்குப் பதினைந்து பதினாறு நொடிதான். எந்த இருக்கையிலிருந்தும் முழுத் தடமும் தெரியும். முன்னால் இருப்பவர் பதினைந்தாவது சுற்றுக்குள்ளேயே கடைசிக் காரை எட்டிவிடுவார், அதிலிருந்து அவருக்கு ஒவ்வொரு நொடியும் போக்குவரத்து நெரிசல். சத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழலும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது, கையைக் காட்டித்தான் தண்ணீர் பாட்டில் கேட்க வேண்டும். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் யாரும் உள்ளே போக வேண்டாம், குழந்தைகளுக்கு முழுக் காதையும் மூடும் கவசம் கட்டாயம்.

அந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு வார இறுதி உண்டு. போவதென்றால் செப்டம்பர் இரவுப் பந்தயத்துக்கே போங்கள். விளக்கொளியில் கார்களின் வண்ணம் மின்னும்போது டிவியில் வருவது இதன் நிழல்கூட இல்லை என்று புரியும். இருக்கைகள் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். 2016-இல் அந்தத் தடத்தின் நடுவே கல்லூரிக் கால்பந்தாட்டம் வைத்தபோது 1,56,990 பேர் வந்தார்கள் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கலும் அங்கேதான். பிரிஸ்டல் சின்ன ஊர். முக்கியத் தெருவின் ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா; அவ்வளவுதான் ஊர். இவ்வளவு ஜனத்துக்கு அறை ஏது? பந்தய வாரத்தில் சாதாரண மோட்டலும் நட்சத்திர ஹோட்டல் விலை சொல்லும். மாதக்கணக்கில் முன்னாலேயே அறை போட வேண்டும், இல்லையென்றால் தூரத்து ஊரில் தங்கி மலைப்பாதையில் வந்து போக வேண்டும். பந்தயம் முடிந்து நள்ளிரவில் கார் நிறுத்தத்தை விட்டு வெளியே வருவது தனிக் கதை.

மார்ட்டின்ஸ்வில்லுக்கு வருவோம். என் மனசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. 1947-இல் திறந்த தடம், நாஸ்காரே அதற்கு அடுத்த வருடம்தான் முறையாகப் பதிவானது. 1949-இல் தொடங்கிய முதல் சீசனிலிருந்து இன்றுவரை அட்டவணையில் தொடர்ந்து இருக்கும் ஒரே தடம் இதுதான். வடிவம் பேப்பர் கிளிப் மாதிரி: இரண்டு நீண்ட நேர்ப்பாதை, இரு முனையிலும் இறுக்கமான வளைவு. சரிவு வெறும் 12 டிகிரி. அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் பிரேக்கில் ஏறி நிற்க வேண்டும். மாலை வெளிச்சம் குறைந்ததும் சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் கொல்லன் உலையில் காய்ந்த இரும்பாகச் சிவப்பது இருக்கையிலிருந்தே தெரியும். பொறுமை இழந்தவர் முன்னால் போகிறவரின் பின்பக்கத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டி விலக்கிவிட்டுப் போவார். தட்டு வாங்கியவர் நூறு சுற்று கழித்துத் திருப்பிக் கொடுப்பார். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கூட்டம் முழுக்கக் கணக்கு வைத்திருக்கும். அதைப் பின்தொடர்வதுதான் இங்கே சுவாரசியம்.

2022 அக்டோபரில் ராஸ் சாஸ்டெய்ன் கடைசிச் சுற்றில் ஆக்சிலரேட்டரை விடாமல் காரை வெளிச்சுவரில் உரசவிட்டு ஐந்து பேரை முந்தியதும் இதே தடத்தில்தான். பிறகு அந்த வித்தையை நாஸ்கார் அனுமதிப்பதில்லை.

நமக்கும் இங்கே ஒரு பாத்தியதை உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1-க்கு இடைவெளி விட்டிருந்த 2010-இல், கார்களுக்குப் பதில் பிக்கப் ட்ரக்குகள் ஓடும் நாஸ்காரின் ட்ரக் தொடரில் அறிமுகமானது மார்ட்டின்ஸ்வில்லில்தான். முதல் பந்தயத்திலேயே 13-ஆவது இடம். அந்த வருடம் ட்ரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் ரசிகர் வாக்கில் அவருக்கே போனது. நம் ஆட்கள் ஆன்லைனில் ஓட்டுப் போட உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா!

செலவிலும் மார்ட்டின்ஸ்வில் கைக்கு அடக்கம். பொது நிறுத்தத்தில் காருக்குக் காசில்லை. கிரீன்ஸ்போரோவிலோ ரோனோக்கிலோ தங்கினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஜெயித்தவருக்குப் பரிசு ஆளுயரக் கடிகாரம், 1964-இலிருந்து அதுதான் வழக்கம். எதிர்ப்பக்க நேர்ப்பாதைக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும் இருப்புப்பாதை. எல்லோரும் வரிசையில் நின்று வாங்கும் ரோஸ் நிற ஹாட் டாக் ரொம்பப் பிரசித்தம். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நாஸ்கார் தடங்கள் பெரும்பாலும் சின்ன, மடங்கும் கூலர் பையை உள்ளே விடுகின்றன. புளியோதரையும் சிப்ஸும் கட்டிக்கொண்டு போகலாம். அளவு விதியை மட்டும் தடத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு அரை மைல் தடத்துக்கும் சேர்த்து ஒரு குறை சொல்லியாக வேண்டும். 2022-இல் வந்த புதிய கார், சின்னத் தடங்களில் முந்துவதைக் கடினமாக்கிவிட்டது. சில பந்தயங்கள் ஊர்வலமாகவே முடிந்தன. 2026-லிருந்து இந்த மாதிரித் தடங்களில் எஞ்சின் சக்தியை 670-இலிருந்து 750 குதிரைத்திறனாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரேயடியாகப் பழைய நாட்கள் திரும்பும் என்று நான் நம்பவில்லை. ஆனால் போரான பந்தயத்திலும் நடப்பது முழுவதும் கண்முன்னால் நடக்கிறதே, அது டேடோனாவில் கிடைக்காது.

சவுத் கரோலைனாவின் டார்லிங்டனைச் சொல்லாமல் விட்டால் பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். நிலம் விற்றவர் தன் மீன்குளத்தைத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டதால் ஒரு முனை குறுகி முட்டை வடிவமான தடம். 1950-இல் அங்கே நடந்த முதல் சதர்ன் 500-இல் 75 கார்கள் புறப்பட்டன. மற்றவர்கள் டயர் டயராக வெடிக்க, மெதுவான பிளைமவுத்தில் கெட்டி டயர் போட்டு வந்த ஜானி மேன்ட்ஸ் ஜெயித்தார். இன்றும் அங்கே டயரைக் காப்பவர்தான் பிழைப்பார். சுவரை ஒட்டியே ஓட்ட வேண்டியிருப்பதால் வலப்பக்கம் கீறல் இல்லாத கார் அபூர்வம். ஓட்டுநர் திறமையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் விளையாட்டு ஓரளவு பிடிபட்ட பிறகுதான் அது ருசிக்கும். இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, வாழ்நாளில் ஒரே முறைதான், பணமும் பொறுமையும் இருக்கிறது என்பவருக்குப் பிரிஸ்டல் இரவுப் பந்தயம். குடும்பத்தோடு போகிறவருக்கும், பிடித்துப்போனால் மறுபடி வரலாம் என்பவருக்கும் மார்ட்டின்ஸ்வில், அதுவும் இலையுதிர் காலப் பந்தயம். எதுவானாலும் சார்லட்டுக்கு விமானம் பிடிப்பது உத்தமம். பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன, சிலவற்றில் வார நாட்களில் போய்ப் பார்க்கவும் விடுகிறார்கள். நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. அங்கிருந்து மார்ட்டின்ஸ்வில்லுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பிரிஸ்டலுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். உள்ளே போனதும் அணிகளின் ரேடியோவைப் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநரும் அணித் தலைவரும் பேசிக்கொள்வது காதில் கேட்கும். இருக்கை மேல் வரிசையில் கிடைத்தால் நல்லது, கீழே உட்கார்ந்தால் பாதிப் பார்வையை வேலி மறைக்கும், தேய்ந்த ரப்பர் துணுக்கும் தலையில் கொட்டும். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டே கிளம்புங்கள்.