மஞ்சளா, கிரீன் டீயா, நித்தியகல்யாணியா: கட்டிக்குப் போகும் ரத்தத்தை எது நிறுத்தும்?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே மஞ்சள்தூளும் கிரீன் டீ பாக்கெட்டும் வந்து சேரும். பெரியம்மாவுக்கு நோய் கண்டபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "கட்டிக்குப் போற ரத்தத்தையே இது நிறுத்திடும்மா" என்றார் சித்தப்பா. அவர் அன்பில் குறையில்லை. அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா சொன்னதன் அடிப்படை சரிதான். புது ரத்தக்குழாய் முளைக்காவிட்டால் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று 1971-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். பிராணவாயு போதாமல் தவிக்கும் கட்டி, வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துக் குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது செடியிலிருந்து வந்ததல்ல. ஆனால் செடிச் சரக்குகளை உரசிப் பார்க்க அதுதான் உரைகல்.

முதலில் மஞ்சள். அதிலுள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் வி.இ.ஜி.எஃப் சுரப்பைக் குறைக்கிறது, குழாய்ச் செல்களின் வளர்ச்சியையும் தடுக்கிறது. சிக்கல் நம் குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. விழுங்கியதில் மிகச் சொற்பமே ரத்தத்தில் சேருகிறது, அதையும் உடல் சீக்கிரம் உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம்தான் பலன் தெரிந்தது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அந்த 8 கிராமைத் தூளாகவே சாப்பிட வேண்டுமென்றால் தினம் கால் கிலோவுக்கு மேல் போகும்! மிளகின் பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடும் என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைக் கேட்டு உடனே மாத்திரை வாங்க ஓடாதீர்கள். குர்குமினைக் கழிக்கும் வேலையைத் தடுப்பதுபோல, மற்ற மருந்துகளைக் கழிக்கும் கல்லீரல் நொதிகளையும் பைப்பரின் மந்தப்படுத்தக்கூடும். கீமோ ஓடும் உடலில் அது விளையாட்டல்ல.

கிரீன் டீயின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதைக் குடித்த எலிகளின் கருவிழியில் புதுக் குழாய் முளைப்பது குறைந்தது என்று 1999-ல் ஆய்வு வந்தது. மனிதரிடம் அப்படித் தெளிவான பலன் வரவில்லை. அதைவிட முக்கியமான செய்தி 2009-ல் வந்தது. தேயிலையின் முக்கியச் சத்தான இ.ஜி.சி.ஜி, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டதுதான், ஆனாலும் அந்த மருந்து எடுப்பவர் கிரீன் டீ மாத்திரையைத் தொடவே கூடாது என்பேன்.

இனி நித்தியகல்யாணி. மடகாஸ்கரில் பிறந்து நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாகவும் விளைகிற செடி. ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வழியில் 1958-ல் கிடைத்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. முழு அளவில் கொடுத்தால் செல் பிரிவதையே நிறுத்தும் விஷம் அது. ஆனால் மிகக் குறைந்த அளவை அடிக்கடி கொடுத்தால் குறி மாறுகிறது: கட்டிக்குள் புதிதாக முளைக்கும் குழாயின் செல்கள்தான் முதலில் சாய்கின்றன. 2000-ல் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுக்கட்டி இருந்த எலிகளுக்கு, இந்தச் சிறு அளவோடு, வி.இ.ஜி.எஃப் வந்து ஒட்டும் ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடியும் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கி, நெடுநாள் திரும்பவில்லை. இந்த வரிசையில் நான் நம்பிக்கை வைப்பது இதன்மேல்தான். இது மருத்துவமனையில் நரம்பு வழியே, அளந்து ஏற்றும் மருந்து. வேலியோரச் செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைத்தால் வெள்ளணு சரிந்து உயிருக்கே ஆபத்து.

பசிபிக் யூ மரப்பட்டையின் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தும் இதே வகை. சிறு அளவில் குழாய்ச் செல்களை அடக்குகிறது. அதோடு பெவாசிசுமாபைச் சேர்த்து மார்பகப் புற்றுக்குக் கொடுக்க 2008-ல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி 2011-ல் ரத்தானது. நோய் முற்றுவது தள்ளிப்போனாலும் ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. தென்னாப்பிரிக்கப் புதர் மரத்தின் கோம்ப்ரெட்டாஸ்டாட்டின் என்ற பொருளின் வழி வேறு. இருக்கிற குழாயையே இடித்துக் கட்டியின் நடுவைக் கருக்கிவிடும். ஓரத்துச் செல்களோ பக்கத்து நல்ல குழாய்களிடம் ரத்தம் வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். சினைப்பைப் புற்றுநோய்க்கான அதன் பெரிய சோதனை 2017-ல் பாதியிலேயே நின்றது.

பெரியம்மாவின் சாம்பாரில் மஞ்சள் எப்போதும்போல விழுந்தது. குர்குமின் மாத்திரை டப்பாவை மட்டும் கீமோ மருத்துவரிடம் காட்டினோம். பின்பக்கம் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, சிகிச்சை முடியும்வரை வேண்டாம் என்றார்.