பழவேற்காட்டு ஏரிக்கு எந்த லென்ஸ்: 200-500ஆ, 150-600ஆ?

தடா, சூலூர்ப்பேட்டை பக்கம் பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: 500 மி.மீ. குவிய நீளம் போதுமா, 600 வாங்கிவிடலாமா? பூநாரை தூரத்தில் நிற்கிறது, அதனால் லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் கணக்கு. இந்த ஏரியில் அந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது நமக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கிற காற்று.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குப் பழைய சந்தையில் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிற மூன்று லென்ஸ்கள்தாம் உண்மையான போட்டியாளர்கள். 2015-இல் வந்த நிக்கான் 200-500, எந்த நீளத்திலும் எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), எடை 2300 கிராம். சிக்மா 150-600 கன்டெம்பரரி, 600-இல் எஃப் 6.3, எடை 1930 கிராம். 2016-இல் வந்த டாம்ரான் 150-600 ஜி2, அதே 6.3, எடை ஏறக்குறைய 2 கிலோ. நிக்கான் லென்ஸ் நிக்கான் கேமராவுக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் கேனானுக்கும் உண்டு. சிக்மாவிலேயே ஸ்போர்ட்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. நல்ல லென்ஸ், ஆனால் 2860 கிராம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் உட்கார முடியாது என்பதால் இந்தப் பேச்சிலிருந்து விட்டுவிடுகிறேன்.

முதலில் நீளத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. குளிர்காலத்தில் இருபுறமும் பூநாரைக் கூட்டம் நிற்கும். சாலையிலிருந்து 200 மீட்டரில் ஒரு பெரிய பூநாரை நிற்கிறது, உயரம் 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது), 24 மெகாபிக்சல் கேமரா. 600 மி.மீ.யில் அந்தப் பறவை படத்தில் சுமார் 1000 பிக்சல் உயரம் வரும். 500-இல் 830. 400-இல் 660. நீளத்தை மட்டும் பார்த்தால் 500-இலிருந்து 600-க்குப் போகும்போது பறவைமேல் விழும் பிக்சல் எண்ணிக்கை 44 சதவீதம் கூடுகிறது. சின்ன லாபம் இல்லை. கழுத்து இறகின் வரி தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

சரி, அந்த 44 சதவீதம் எப்போது கைக்கு வருகிறது என்பதுதான் விஷயம். வெயில் ஏற ஏற, சாலையும் கரைச்சேறும் ஆழமில்லாத நீரும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சூடாகின்றன. மேலே இருக்கும் காற்று அடுக்கடுக்காக அடர்த்தி மாறி அலைகிறது. ஒளி அதன் வழியே வளைந்து வளைந்து வருகிறது. கானல் என்று நாம் சொல்வது இதைத்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாத கானல்கூட 600 மி.மீ.யில் 200 மீட்டர் தூரத்துப் பூநாரையை நீரில் கரைந்த சுண்ணாம்புபோல ஆக்கிவிடும். ஷட்டரை 1/4000-க்கு ஏற்றினாலும் தீராது. முக்காலியும் தீர்க்காது. லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு, நிக்கான் மொழியில் விஆர், கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், காற்றின் நடுக்கத்தை ஒன்றும் செய்யாது. காலை பத்து மணி வெயிலில் மூன்று லென்ஸாலும் அதே பறவையை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், எது எந்த லென்ஸ் என்று சொல்ல முடியாது. 600-இல் பிக்சல் அதிகம், விவரம் அதே அளவுதான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி நீளத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் போட்டால் மங்கலைப் பெரிதாக்கியதுதான் மிச்சம்.

ஆகவே இந்த ஏரியில் தூரத்துப் பறவைக்கு நல்ல நேரம் சூரியன் எழுந்து வெயில் உறைக்கும் முன்பு கிடைக்கிற ஒன்றரை, இரண்டு மணி நேரம். மேகமூட்டமான நாள் என்றால் யோகம், நாள் முழுக்க எடுக்கலாம். அந்த அதிகாலை வெளிச்சத்தில்தான் போட்டியின் முகம் மாறுகிறது.

ஏட்டில் 5.6-க்கும் 6.3-க்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசம், பொருட்படுத்த வேண்டியதில்லை. நடைமுறையில் அப்படி முடிவதில்லை. இரண்டு 150-600-உம் 600 மி.மீ.யில் முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மையாகத்தான் வரும். எஃப் 8-க்கு மூடினால் இறுகும். நிக்கான் 200-500 அதன் கடைசி நீளத்தில், 5.6-இலேயே நம்பி எடுக்கலாம். அப்படியானால் நாம் நிஜத்தில் ஒப்பிடுவது 500 மி.மீ. எஃப் 5.6-ஐயும் 600 மி.மீ. எஃப் 8-ஐயும். ஒரு முழு ஸ்டாப். பறக்கும் பூநாரைக்கு 1/1600 வேண்டும் என்றால் ஒன்றில் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் உணர்திறன், 800, மற்றதில் 1600. ஏபிஎஸ்-சி கேமராவில், அதுவும் நிழல் பக்கத்து இறகில், இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 600-இன் கூடுதல் பிக்சலில் ஒரு பங்கைப் படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சலை அகற்றும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். நிக்கான் வைத்திருப்பவர் இந்த ஏரிக்காக வாங்குகிறார் என்றால் 200-500-ஐ நான் தயங்காமல் சொல்வது இதனால்தான்.

அதற்கும் குறைகள் உண்டு. ஜூம் வளையத்தை 200-இலிருந்து 500-க்கு ஒரே திருப்பில் கொண்டுபோக முடியாது, கையை எடுத்து மறுபடி பிடிக்க வேண்டும். ஜூம் பூட்டு 200-இல் மட்டும்தான் விழும். ஆட்டோஃபோகஸ் ஒருமுறை பிடித்துவிட்டால் விடாது, ஆனால் கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஓடிப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும். பக்கத்துப் பொத்தானை 6 மீட்டருக்கு அப்பால் என்று தள்ளிவைத்தால் அந்த ஓட்டம் பாதி குறையும். ஏரியில் 6 மீட்டருக்குள் நமக்கு வேலை இல்லை, தள்ளியே வைத்திருங்கள்.

எடைதான் பெரிய விஷயம். 370 கிராம் வித்தியாசத்தைக் கடையில் கை உணராது, படகில் உணரும். தடாவுக்கு அருகே பீமுலவாரிபாளையத்தில் படகு ஏறினால் முக்காலிக்கு இடமும் இல்லை, பயனும் இல்லை. எல்லாம் கையில்தான். மீசை ஆலாக்கள் நீர்மேல் வளைந்து வளைந்து பறக்கும், சட்டென்று அலகை நனைத்துவிட்டு மேலேறும். அதைக் கால் மணி நேரம் தொடர்ந்து குறிவைத்தால் 200-500 தோளைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. சிக்மா கன்டெம்பரரி இங்கே ஒரு படி மேல். நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கத் தோதான எடைப் பகிர்வு, தாராளமான நீளம். ஆலாவுக்கு 400 பக்கமாக ஜூமைப் பின்னிழுத்தால் 600-இல் இருந்த மென்மையும் இல்லை. படகிலேயே அதிகம் எடுப்பவர் சிக்மாவை வாங்கினால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

படகு என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். லென்ஸ் குட்டை என்பதற்காகப் படகைக் கூட்டத்துக்குள் விடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூநாரை இரை மேய்வதற்காக நம் கரைக்கு வருகிறது. அதைக் கிளப்பிவிட்டு எடுத்த படத்துக்கு மதிப்பே இல்லை. “அண்ணா, எஞ்சின நிறுத்திடுங்க, கோல் போட்டே போகலாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏரி ஆழமில்லை, கோல் எட்டும். படகுக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

தடாவிலிருந்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம் போனால் கதை தலைகீழ். அங்கே புள்ளி அலகுக் கூழைக்கடாக்கள் ஏரி மரங்களில் கூடு கட்டியிருக்கும். தலைக்கு மேலேயே பறந்து போகும். சிறகு விரித்தால் 2 மீட்டருக்கு மேல். 40 மீட்டரில் பறக்கும் கூழைக்கடாவின் சிறகு ஏபிஎஸ்-சி சட்டத்துக்குள் 400 மி.மீ.யிலேயே விளிம்பைத் தொட்டுவிடும், 500-இல் வெட்டுப்படும். 300 பக்கம் இறங்கி எடுக்க வேண்டும். கூட்டில் நிற்கும் பறவைக்கு மறுபடி முழு நீளம். நிமிடத்துக்கு நிமிடம் நீளம் மாறும் இடம் இது. கேனானின் பழைய 400 எஃப் 5.6-ஐ நண்பர்கள் இன்றும் புகழ்கிறார்கள். 1250 கிராம், கூர்மை அபாரம், பறக்கும் பறவைக்கு மிக வேகம். எல்லாம் உண்மை. ஆனால் நடுக்கத்தைத் தாங்கும் வசதி அதில் கிடையாது, நேலப்பட்டில் பின்வாங்க இடமும் கிடையாது. பூநாரைக்கும் அது குட்டை.

லென்ஸின் கூர்மையைச் சோதிக்கவும் நேலப்பட்டுக் கூழைக்கடாவைப்போல ஒன்று கிடைக்காது. மேல் அலகின் ஓரத்தில் நீலம் கலந்த கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். நல்ல லென்ஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் விளிம்பு தெரியும், புள்ளிக்கு இடையே அலகின் இளஞ்சிவப்பு சுத்தமாக நிற்கும். சுமாரான லென்ஸில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சாம்பல் கோடாகிவிடும். முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுத்து இந்த அலகை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

டாம்ரான் ஜி2-வைப் பற்றி இதுவரை அதிகம் பேசவில்லை. கூர்மையில் சிக்மாவோடு ஏறக்குறைய சமம், பறப்பதைத் தொடர்வதில் என் கைக்குச் சிக்மா ஒரு மயிரிழை முந்தியது. ஆனால் இது உப்புக் காற்று அடிக்கும் ஊர். சிக்மா கன்டெம்பரரியில் கேமராவோடு சேரும் இடத்தில் மட்டும்தான் ரப்பர் அடைப்பு உண்டு. டாம்ரானில் ஈரம் புகாதபடி உடல் முழுக்க அடைப்பு வைத்திருக்கிறார்கள். கோடையில் ஏரி வற்றி உப்புத் தூசி பறக்கும்போது, நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது. கடற்கரை ஓரம் குடியிருக்கும் கேனான்காரர்களுக்கு நான் டாம்ரானைச் சொல்வது இதற்காக.

உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவான மிரர்லெஸுக்கு மாறியவர்களுக்கு வேலை சுலபம். 2019-இல் வந்த சோனி 200-600, 2023-இல் வந்த நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், லென்ஸின் உடல் நீளாது, தூசி குறைவு, வளையம் சின்னத் திருப்பில் முடிந்துவிடும். பணம் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். கேனானின் ஆர்எஃப் 800 எஃப் 11 மட்டும் ஆசை காட்டும்: 800 மி.மீ., 1260 கிராம்தான். ஆனால் 5.6-க்கும் 11-க்கும் நடுவே வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிறது. நமக்கு வெளிச்சம் குறைவாக இருக்கும் அதிகாலையில்தான் கானலும் குறைவு. வெளிச்சம் தாராளமாக வரும்போது கானலும் வந்துவிடுகிறது. இந்த ஏரிக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு.

எந்த லென்ஸானாலும் வாங்கும் முன் சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே மாடலில் இரண்டு லென்ஸ் ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லை ஊர்க்காரர்களுக்குச் சோதனைப் பலகை தெருவிலேயே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் சேர்த்து எழுதிய கடைப் பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறும் முன், 20, 25 மீட்டர் தள்ளி முக்காலியில் வைத்து, விஆரை அணைத்து, டைமரில் எடுங்கள். தமிழ் எழுத்தின் புள்ளியும் தெலுங்கு எழுத்தின் தலைமேல் வரும் சிறு கொக்கியும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அதே எழுத்தைச் சட்டத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய் எடுங்கள். மூன்று மூலை சுத்தமாக வந்து ஒன்று மட்டும் குழைந்தால் உள்ளே கண்ணாடி ஏதோ சாய்ந்திருக்கிறது. வேண்டாம்.

அப்புறம் ஒரு படம் வ்யூஃபைண்டர் ஃபோகஸில், ஒன்று பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வ்யூவில். லைவ் வ்யூ கூர்மையாக வந்து மற்றது வராவிட்டால் லென்ஸில் கோளாறு இல்லை, ஃபோகஸ் அளவு தள்ளிப்போயிருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் லென்ஸைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் டாக் என்ற சின்னக் கருவி தனியாகக் கிடைக்கிறது. வெவ்வேறு நீளத்துக்கும் தூரத்துக்கும் தனித்தனியாகத் திருத்தலாம். 200-500-க்குக் கேமராவிலேயே ஒரு எண் கொடுக்க வேண்டியதுதான். அதைப் பலகைத் தூரத்தில் கொடுக்காமல் 100 மீட்டர் தள்ளி ஒரு இலக்கை வைத்துக் கொடுங்கள், ஏரியில் நாம் எடுக்கும் தூரம் அதுதான்.

பழைய லென்ஸ் என்றால் இன்னும் ஒன்று. பின்பக்கம் வழியாகக் கைபேசி விளக்கை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலு துகள் இருந்தால் பரவாயில்லை. மரத்தின் வேர்போலக் கிளைவிட்ட வெள்ளை நூல் தெரிந்தால் அது பூஞ்சை, கடலோர ஊர்களில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் சகஜம். விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.